ஆற்றில் தண்ணீர் வரும்வரை

சிங்காநல்லூர்
ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை சின்னாத்தாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் திருப்பூரில் மகள் லோகப்பிரியாவும் சௌக்கியம். உங்களுக்கும் வீட்டில் நங்கைக்கும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆளில்லை. அதனால் உங்களையே கேட்கிறேன்.

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஆற்றில் தண்ணீர் வருகிற வரைக்கும் என்னோடு பேச்சில்லை என்றுதான் சத்தியம் செய்தீர்கள். எழுத்தில்லை என்று சொல்லவில்லை. நாலு வருஷமாக இது என் மண்டையில் ஏறவில்லை. போன வாரம் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது ஏறியது.

அன்றைக்கு நடந்ததை நான் ஒரு நாளும் மறந்ததில்லை. லோகு கல்யாணத்துக்குப் பத்திரிகையோடு உங்கள் வாசலில் வந்து நின்றேன். மாப்பிள்ளை கதிர்வேல் வீட்டார் திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கிறார்கள் என்றதும் உங்கள் முகம் மாறிவிட்டது. எழுந்து கன்னிமார் கோயிலுக்கு நடந்தீர்கள். நாங்களும் பின்னால் வந்தோம். அங்கே லோகு தலையில் கையை வைத்து, "ஆத்துல தண்ணி வர்ற வரைக்கும் உன்ற ஆத்தாகூட எனக்குப் பேச்சு கெடையாது. இது சத்தியம்" என்றீர்கள். மாமன் ஆசீர்வாதம் செய்யப்போகிறார் என்று நினைத்து அவள் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு நின்றாள்.

கல்யாணத்துக்கு வரவில்லை. லோகுவின் அப்பா இறந்தபோது வந்தீர்கள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போட்டீர்கள், என் எதிரே கொஞ்ச நேரம் நின்றீர்கள், போய்விட்டீர்கள்.

எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டு ரெண்டு மாசமாகிறது. உங்களோடு ஒரு தடவை பேசவேண்டும். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா? வந்ததும் ஃபோன் போடுங்கள். என் நம்பர் மாறவில்லை.

நங்கையைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கை,
சின்னாத்தாள்

*

கோரைக்காட்டுவலசு
ஜூன் 27

அம்மணிக்கு,

அண்ணன் திருமூர்த்தி எழுதுவது. இருக்கிறோம். உன் நங்கைக்குக் கணுக்காலில் புண், ஆறமாட்டேன் என்கிறது. எனக்கு ஒரு நோவும் இல்லை.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நீ கண்டுபிடித்த சந்து நல்ல சந்துதான். வேலியில் எங்கே பொத்தல் இருக்கிறது என்று உனக்குத்தானே எப்போதும் முதலில் தெரியும்.

ஆற்றைக் கேட்டாய். திருப்பூரைத் தாண்டி வருஷம் முழுக்க ஓடிவருகிறது. ஆனால் இங்கே யாரும் அதைத் தண்ணீர் என்று சொல்வதில்லை. "இன்னைக்குச் சாயம் நெறையப் போகுது" என்பார்கள். "சாயம் கொறஞ்சுபோச்சு" என்பார்கள். போன வாரம் ஊதா. இந்த வாரம் கறுப்பு. ஆடுகள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. ஆற்று அணைக்குக் கீழே இருக்கிற நம் கிணறும் அதே நிறத்துக்கு வந்தாகிவிட்டது. இளநீர் வெட்டினால் உப்புக் கரிக்கிறது. நான் வெட்டுவதையே விட்டுவிட்டேன்.

நான் தண்ணீர் என்று சொன்னேன். சாயம் என்று சொல்லவில்லை. எனக்கு வசதியாக வளைத்துக்கொண்டு உன்னோடு பேசினால், அது விடியப்போவது என் தலையில் இல்லை. லோகு தலையில். கோபத்தில் கைக்கு எது பக்கத்தில் இருந்ததோ அதன்மேல் வைத்துவிட்டேன். வைத்த கை வைத்ததுதான்.

பேசவேண்டியதை எழுதிவிடு. படித்துக்கொள்கிறேன். தொண்டைக்கு மிளகும் பனங்கல்கண்டும் தட்டிப் போட்டுப் பால் குடி.

அண்ணன்

*

சிங்காநல்லூர்
ஜூலை 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் இருக்கிறோம் என்று எழுதியதே எனக்குப் போதும். நங்கையை ஆற்றோரம் கால் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மிளகுப்பால் குடித்தேன். தொண்டை அப்படியேதான் இருக்கிறது. "நீ பேசுனா ஊடு பூராக் கேக்கும்" என்பீர்களே, இப்போது அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் கூடத்துக்குக் கேட்பதில்லை.

நீங்கள் இன்றைக்குப் பார்க்கிற ஆறு, ரெண்டு மூணு நாள் முன்னால் நான் பார்த்ததுதான். வெள்ளலூர்ப் பாலத்தில் பஸ் ஏறும்போது எல்லோரும் ஜன்னலைச் சாத்துவார்கள். நான் பார்ப்பேன். இந்த ஊர் குளித்தது, கழுவியது, கக்கூசில் ஊற்றியது எல்லாம் அதில்தான் போகிறது. சிங்காநல்லூர்க் குளத்தில் ஆகாயத்தாமரை கரை தெரியாமல் மூடிக்கிடக்கிறது. வெளியூர்க்காரர்கள் பச்சையாக இருக்கிறது என்று முன்னால் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

இங்கே சாக்கடை, அங்கே சாயம். நடுவில் எங்கேயாவது அது தண்ணீராக இருக்குமா? இருந்தால் ரெண்டு பேரும் அங்கே போய் நின்று பேசிவிட்டு வந்துவிடலாம். பேரூருக்கும் மேலே, மலை அடிவாரத்தில் இருக்கிறதாம். எனக்கு இப்போது அவ்வளவு தூரம் முடியாது.

மேற்கே மழை பிடித்திருக்கிறது. மலை தெரியவில்லை. ஆற்றில் நிறைய வரும் என்கிறார்கள். உங்களுக்கும் வரும்.

டாக்டர் ஒரு சின்ன ஆபரேஷன் என்கிறார். பயப்பட ஒன்றுமில்லை. ஆடி பிறக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

தங்கை,
சின்னாத்தாள்

*

கோரைக்காட்டுவலசு
ஜூலை 25

அம்மணிக்கு,

உன் நங்கைக்குப் புண் அகலமாகியிருக்கிறது. நடக்கிறாள். எனக்கு ஒன்றுமில்லை. ஆபரேஷன் என்று எழுதியிருக்கிறாய், என்ன ஆபரேஷன் என்று எழுதவில்லை.

நீ சொன்னபடி ஆற்றில் வந்தது. விடிகாலை எழுந்து போனேன். தரைப்பாலம் மூழ்கி, அதன்மேல் ஆள் உயரத்துக்கு நுரை. காற்றில் பிய்ந்து பிய்ந்து போய்ச் சோளத்தட்டையில் ஒட்டிக்கொண்டது. மேலே இருக்கிற பட்டறைக்காரர்கள் மழைக்காகத்தான் காத்திருப்பார்கள் போலிருக்கிறது. தேக்கிவைத்ததையெல்லாம் மழையோடு மழையாகத் திறந்துவிட்டால் யாருக்குத் தெரியும்.

நான் மனசுக்குள் ஒன்று வைத்திருந்தேன். அதைத் தண்ணீர் என்று நானாகச் சொல்லக்கூடாது. ஊரில் வேறு யாராவது, யாரும் சொல்லிக்கொடுக்காமல், "ஆத்துல தண்ணி வந்திருச்சு" என்று சொல்லட்டும். அந்தச் சொல் காதில் விழுந்த உடனே உனக்குப் போட்டுவிடுவது. ஃபோனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நின்றேன்.

பக்கத்துக் காட்டுப் பாலுசாமி வந்தான். பார்த்தான். "நொரை வந்திருச்சுங்" என்றான். அவன் சம்சாரம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன நாத்தமுங்க இது" என்றாள். ஐயாசாமி வண்டியை நிறுத்தி, "போச்சு. சுத்தீட்டுத்தான் போவோணும்" என்று திருப்பிக்கொண்டு போனான். நான் மத்தியானம் வரைக்கும் நின்றேன். மறுநாளும் நின்றேன். அப்புறம் வடிந்துவிட்டது. ஒருத்தர் வாயிலும் அந்தச் சொல் வரவில்லை.

எனக்கு அழுகையோ ஆத்திரமோ வரவில்லை. வீட்டுக்கு வந்து ஃபோனை எடுத்து மாடத்தில் வைத்தேன்.

அண்ணன்

*

சிங்காநல்லூர்
ஜூலை 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நங்கையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தள்ளிப்போட வேண்டாம். நான் சொன்னால் நங்கை சிரிப்பாள், நீங்கள் சொல்லுங்கள்.

நீங்கள் மத்தியானம் வரைக்கும் நின்றீர்கள் என்பதைப் பலமுறை படித்துவிட்டேன். நுரைக்கு அடியில் இருந்தது தண்ணீர்தானே அண்ணா?

ஆடிப் பதினெட்டு நோம்பி வரைக்கும் பார்க்கலாம் என்று டாக்டரிடம் சொன்னேன். "ஏம்மா, ஆறு பெருகுனா உங்க தொண்டைக்கு என்ன?" என்று கேட்டார். நல்ல மனுஷர். அவருக்கு என்னவென்று சொல்வது.

எழுதிவிடு என்றீர்கள். எழுதிப் பார்த்தேன். அது எழுதுகிற சமாசாரம் இல்லை.

தங்கை,
சின்னாத்தாள்

*

திருப்பூர்
ஆகஸ்ட் 7

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

லோகப்பிரியா எழுதுவது. நீங்களும் அத்தையும் நலமாக இருக்கவேண்டும். எனக்கு இது ஏழாம் மாதம். வயிற்றில் நன்றாக உதைக்கிறது. அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

ரெண்டு தடவை உங்களுக்கு ஃபோன் செய்தேன். "மாமா, நான் லோகு" என்றதும், எங்கே அம்மாவிடம் கொடுத்துவிடுவேனோ என்று நீங்கள் வைத்துவிட்டீர்கள். இந்த வயிற்றோடு பஸ்ஸில் வரவேண்டாம் என்கிறார்கள். வந்தால் மட்டும் முகத்தைக் காட்டுவீர்களா என்றும் தெரியவில்லை.

அம்மாவுக்குத் தொண்டையில் இருப்பது புற்று. குரல்வளையை அப்படியே எடுக்கவேண்டும். சாப்பிடலாம், நடக்கலாம், கழுத்தில் ஒரு துளை வைத்து அதன் வழியாக மூச்சு விடுவாள். பேச்சு மட்டும் இருக்காது. போன மாதக் கடைசியிலேயே செய்திருக்கவேண்டும். இரண்டு தடவை தேதி தள்ளிப்போட்டாள். ஏன் என்று டாக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இனித் தள்ளமுடியாது. ஆகஸ்ட் 18 காலையில் பீளமேட்டு ஆஸ்பத்திரியில் செய்கிறார்கள்.

என் தலையில் வைத்த சத்தியம்தான் தடை என்று அம்மாவுக்கு நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தேன். அது என் தலைதானே மாமா. நான் விட்டுக்கொடுக்கிறேன். எது வந்தாலும் வரட்டும். குரல் இருக்கும்போது ஒரு தடவை அவளைப் பேச விடுங்கள்.

நம் பட்டறையில் ஒரு சொட்டுக்கூட வெளியே விடுவதில்லை என்று இவர் சொல்கிறார். நானும் நம்பிக்கொண்டுதான் இருக்கிறேன். மழை பெய்கிற ராத்திரிகளில் மட்டும் இவர் வீட்டில் இருப்பதில்லை.

உங்கள்,
லோகப்பிரியா

*

கோரைக்காட்டுவலசு
ஆகஸ்ட் 14

கண்ணு லோகுவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். கனமானதைத் தூக்காதே. உன் கடிதம் நேற்று வந்தது. மழையில் தபால் தங்கிவிட்டதாம்.

உன் தலையை விட்டுக்கொடுப்பதாக எழுதியிருக்கிறாய். ஏழாம் மாதத்தில் அது உன் தலை மட்டும் இல்லை கண்ணு.

இன்று காலை கன்னிமாரிடம் பூ கேட்டேன். வெள்ளைப் பூ வந்தால் சத்தியத்தை விட்டுவிடலாம், சிவப்பு வந்தால் கூடாது என்று பூசாரியிடம் சொல்லிப் பொட்டலம் கட்டிப் போட்டோம். சிவப்பு வந்தது. மறுபடியும் கேட்டேன். சிவப்பு. பூசாரி, "இன்னொருக்காக் கேக்கலாமுங்களா?" என்றார். கேட்டோம். அதுவும் சிவப்பு. வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று இப்போது நினைவில்லை.

அங்கே வந்து வாயை மூடிக்கொண்டு அவள் எதிரே நிற்கலாம். உன் அப்பன் சாவுக்கு அப்படி நின்றேன். இன்னொரு முறை அப்படி நிற்க என்னால் ஆகாது.

பதினெட்டாம் தேதிக்குள் யாராவது அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் போதும். விடிந்ததும் ஆற்றோரம் போய் உட்கார்ந்துகொள்வேன். உன் வீட்டுக்காரரைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் எழுதியிருக்கவேண்டாம்.

மாமன்

*

கோரைக்காட்டுவலசு
ஆகஸ்ட் 21

அம்மணிக்கு,

வலி எப்படி இருக்கிறது? வாயால் சாப்பிட விட்டார்களா? லோகு எழுதினால் போதும், நீ சிரமப்படாதே.

ஃபோனில் நான் சொன்னது உனக்குப் புரிந்ததோ என்னவோ. எழுதிவிடுகிறேன்.

பதினெட்டாம் தேதி வரைக்கும் ஆற்றோரம் உட்கார்ந்திருந்தேன். அன்று பொழுது சாய்ந்ததும் எழுந்து வந்துவிட்டேன். இனி எதற்கு என்று ஆகிவிட்டது. மறுநாள் செவ்வாய்க்கிழமை, காட்டுக்கும் போகவில்லை. உன் நங்கைக்குக் காலைக் கீழே வைக்க முடியவில்லை, அதனால் வீட்டிலேயே கிடந்தேன். பத்து மணி இருக்கும். தெருவில் பாலுசாமி சம்சாரம் குரல் கேட்டது. "ஏனுங்க்கா, ஆத்துல தண்ணி வந்திருச்சு. வாங்க வாங்க."

அதே சொல். ஒரு எழுத்து மாறவில்லை.

மாடத்திலிருந்த ஃபோனை எடுத்துக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். ஆறு முந்தின நாள் இருந்த மாதிரியே கறுப்பாக இருந்தது. தரைப்பாலத்துக்குப் பக்கத்தில், கரை இறங்குகிற கல்லில், பஞ்சாயத்துத் தண்ணி லாரி நின்றுகொண்டிருந்தது. நம் சந்தில் லாரி நுழையாது, அதனால் அங்கே நிறுத்திக் குழாயைத் திறந்துவிடுகிறார்கள். பெண்கள் குடத்தோடு வரிசையாக நின்றார்கள். ஆற்றுக்குள் நிற்கிற லாரியில் தண்ணீர். ஆற்றில் தண்ணீர்.

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் தானாகச் சொன்னாள். கன்னிமார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னாள். லாரி என்று கன்னிமார் கணக்குப் பார்த்தால் பார்க்கட்டும் என்று ஆற்றோரம் நின்றே உனக்கு ஃபோன் போட்டேன். லோகு எடுத்தாள். "உன்ற ஆத்தா காதுல வெய்யி கண்ணு" என்றேன். வைத்துவிட்டேன் என்றாள். "அம்மணி, ஆத்துல தண்ணி வந்திருச்சு" என்றேன். நாலு வருஷமாகச் சேர்த்துவைத்தது எங்கே போனதென்று தெரியவில்லை. உன் பக்கமிருந்து புஸ் புஸ் என்று ஒரு சத்தம் வந்தது. அது நீ மூச்சு விடுகிற சத்தம் என்று லோகு அப்புறம் சொன்னாள்.

அண்ணன்

*

கோரைக்காட்டுவலசு
செப்டம்பர் 16

அம்மணிக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நன்றாக இருக்கிறாய், கஞ்சி குடிக்கிறாய், கோபமில்லை என்று லோகு ஃபோனில் சொன்னாள். உன் நங்கைக்குக் கால் தேறுகிறது. பெருந்துறையில் காட்டினோம்.

ஒன்றை உனக்குச் சொல்லாமல் வைத்திருக்க முடியவில்லை. நேற்று உன் நங்கைக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில், அன்றைக்குப் பாலுசாமி சம்சாரம் வாயில் கன்னிமார்தான் புகுந்து சொல்லவைத்திருக்கவேண்டும் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "வாரா வாரம் செவ்வாக்கெழமை அவ அப்பிடித்தானுங்க கூப்புடுவா" என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். "லாரி வர ஆரம்பிச்சதுலருந்துங்க. மூணு வருசம் இருக்குமுங்க. நீங்க அந்நேரம் காட்டுல இருப்பீங்க" என்றாள்.

உன் நங்கையும் அதே சொல்லைச் சொல்லித்தான் பதில் குரல் கொடுப்பாளாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க ஆத்தைத்தான சொன்னீங்க. நாங்க லாரியைச் சொன்னமுங்க" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான் குடிக்கிற தண்ணீர் யார் தலையில், எங்கிருந்து வருகிறது என்று மூன்று வருஷமாக நான் கேட்டதில்லை. சாயம் எந்த நிறத்தில் போகிறது என்று மட்டும் தினமும் போய்ப் பார்த்திருக்கிறேன்.

ஜூனில் உன் கடிதம் வந்தது. அந்த வாரமும் செவ்வாய்க்கிழமை வந்திருக்கும்.

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். கை வைத்தால் உடம்பு வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. நீ என்னிடம் பேசவேண்டும் என்றாயே, அது என்ன? இப்போதாவது எழுது.

அண்ணன்

*

சிங்காநல்லூர்
அக்டோபர் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

லோகுவுக்குப் பெண் பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். ரெண்டு தலையையும் நானே தடவிப் பார்த்துவிட்டேன், ஒரு குறையும் இல்லை. இனி நீங்கள் அந்தப் பயத்தை விட்டுவிடலாம். நங்கையை இன்னும் கொஞ்ச நாள் தண்ணீர் சுமக்க விடாதீர்கள். செவ்வாய்க்கிழமைகளில் குடத்தை நீங்கள் எடுத்துப் போங்கள்.

பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபம் காரணமில்லை. கோபப்பட உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. வருத்தம்கூட எங்கேயோ தள்ளித்தான் இருக்கிறது. கழுத்துத் துளையில் துணி கட்டிக்கொண்டு காலையில் வெள்ளலூர்ப் பாலம் வரைக்கும் நடக்கிறேன். மூச்சு இப்போது மூக்கு வழியாகப் போவதில்லை, அதனால் ஆற்று நாற்றம் எனக்குத் தெரிவதில்லை. பாலத்தில் மூக்கைப் பிடிக்காமல் நிற்கிற ஒரே ஆள் நான்தான்.

நீங்கள் ஃபோனில் சொன்னது நன்றாகக் கேட்டது. லாரி சத்தமும் குடம் இடிக்கிற சத்தமும்கூடக் கேட்டது. அப்போதே தெரியும், அது லாரித் தண்ணீர் என்று. இருந்தாலும் வந்ததே என்றுதான் இருந்தது.

என்ன பேசவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை அண்ணா. ஆபரேஷனுக்கு முன்னால் ஒருக்கா, "ஏனுங்கண்ணா" என்று உங்களைக் கூப்பிடவேண்டும். நீங்கள் "என்ன அம்மணி" என்று கேட்கவேண்டும். அவ்வளவுதான். அதற்குமேல் என்ன சொல்வது என்று நான் யோசிக்கவே இல்லை. அதைத்தான் எழுதிப் பார்த்தேன். காகிதத்தில் எழுத்தாக இருந்தது, கூப்பிட்ட மாதிரி இல்லை.

நேற்றிலிருந்து இங்கே நல்ல மழை. பாலத்துக்குக் கீழே நிறையப் போகிறது. ரெண்டு மூணு நாளில் உங்களுக்கு வந்து சேரும். வந்ததும் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் போட்டு என்ன நிறம் என்று சொல்லுங்கள். லோகு ஃபோனை என் காதில் வைப்பாள்.

எடுத்ததும் நீங்களே "என்ன அம்மணி" என்று ஆரம்பியுங்கள். நான் கூப்பிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
சின்னாத்தாள்